பாக்காத்: தீர்க்கதரிசிகள் சொன்ன 'விசாரிப்பு'

'பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கிறவர்' (யாத்திராகமம் 20:5) என்று வேதாகமத்தில் கடவுளைப் பற்றிப் படிக்கும் இன்றைய வாசகர், காவல் நிலைய விசாரணையை நினைத்துக்கொள்கிறார். குற்றம் நடந்ததா இல்லையா என்று கேட்டறியும் வேலை அது. எபிரெய மூலத்தில் அந்தப் பொருளே இல்லை. குற்றம் ஏற்கெனவே தெரியும். உரியவர் கணக்குத் தீர்க்க வந்து நிற்கிறார்.

மூலச்சொல் பாக்காத். பே, கோஃப், தாலெத் என்னும் மூன்று மெய்கள் அதன் வேர். பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காதிய மொழியில் இதன் உறவுச்சொல் பக்காதுவுக்கு ஒப்படைத்தல், பேணுதல், ஆள் எண்ணிச் சரிபார்த்தல் என்ற பொருள்கள் உண்டு. எண்ணாகமத்தில் 6,03,550 இஸ்ரவேலராக 'எண்ணப்பட்டவர்கள்' இதே வேரால்தான் குறிக்கப்படுகிறார்கள். பாக்கீத் என்றால் மேலாளர். இன்றைய எபிரெயத்தில் அலுவலக எழுத்தர். தன் பொறுப்பிலுள்ளதை நேரில் வந்து பார்ப்பது, பார்த்தபின் செய்யவேண்டியதைச் செய்வது: இதுவே அடிப்பொருள்.

அதனால்தான் ஒரே வினை அருளுக்கும் தண்டனைக்கும் வருகிறது. எதுவென்று பெரும்பாலும் இலக்கணமே காட்டிவிடும். 'அல்' (மேல்) என்ற இடைச்சொல்லோடு வந்தால் பொதுவாகத் தண்டனை. ஆளையே நேராகச் செயப்படுபொருளாகக் கொண்டால் பெரும்பாலும் பராமரிப்பு. சகரியா 10:3 ஒரே வசனத்தில் இரண்டையும் வைக்கிறது. கடாக்கள் (தலைவர்கள்) 'மேல்' பாக்காத், மந்தை'யை' (மக்களை) பாக்காத். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதைத் 'தண்டித்தேன்' என்றும் பின்னதை 'விசாரித்து' என்றும் பிரித்துவிட்டது. பொருள் தெளிவாகிறது, ஆனால் சொல்லின் எதிரொலி போய்விடுகிறது.

சிலைவழிபாட்டைக் கண்டிக்கும் இடங்களில் இச்சொல்லின் கூர்மை அதிகம். ஓசியா 2:13இல் கடவுள் இஸ்ரவேலைத் துரோகம் செய்த மனைவியாக வைத்துப் பேசுகிறார். பாகால்கள் கானானியரின் தெய்வங்கள். 'பாகால்களுக்குத் தூபங்காட்டி... என்னை மறந்துபோன நாட்களினிமித்தம் அவளை விசாரிப்பேன்' என்பது தமிழ். எபிரெயம் சொல்வது: 'பாகால்களின் நாட்களை அவள்மேல் பாக்காத் செய்வேன்.' தூபமிட்ட ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்டு அவள் தலையில் ஏற்றப்படுகிறது. 'நாட்களினிமித்தம்' என்றதும் அந்தக் கணக்கு மறைந்து வெறும் காரணமாகிவிடுகிறது. ஆமோஸ் 3:2இல் இஸ்ரவேலரிடம் கடவுள் சொல்வது இன்னும் கடுமை: உங்களை மட்டுமே அறிந்துகொண்டேன், ஆகையால் உங்கள்மேல் பாக்காத். நெருக்கமே கணக்குக் கேட்கக் காரணம்.

இதன் பெயர்ச்சொல் பெகுத்தா. ஏசாயா 10:3இல் 'விசாரிப்பின் நாள்' இதுதான். கிரேக்க மொழிபெயர்ப்பில் இது எபிஸ்கொப்பே ஆனது. அதே வேரில் பிறந்த எபிஸ்கொப்பொஸ்தான் புதிய ஏற்பாட்டின் 'கண்காணி', அதாவது சபையின் மேற்பார்வையாளர்.

தமிழ்ச் சொல் எது? விசாரம் வடசொல். ஆனாலும் பழைய மொழிபெயர்ப்பாளர்களின் தேர்வு நல்ல தேர்வே. அக்காலத் தமிழில் விசாரித்தல் என்றால் பேணுதலும் உண்டு. 'மனுஷகுமாரனை நீர் விசாரிக்கிறதற்கு' (சங்கீதம் 8:4) என்பதில் அந்தப் பொருள் உயிரோடிருக்கிறது. 'நலம் விசாரித்தேன்' என்பதில் இன்றும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. பேச்சில் 'அவனைக் கவனிச்சுக்கிறேன்' என்பது அன்புக்கும் மிரட்டலுக்கும் பொருந்தி மூலத்துக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் வேதநடைக்கு ஒட்டாது. தனித்தமிழில் எழுதுவோர் தண்டனைப் பொருளில் 'கணக்குக் கேட்டல்' என்றும், அருள் பொருளில் 'நாடி வருதல்' என்றும் எழுதலாம். வெறும் 'தண்டனை' போதாது. எண்ணிப் பார்த்தவர் என்ற பொருள் அதில் விடுபடும். எரேமியா 10:15இல் கணக்குக்கு நிற்பவை சிலைகளே: 'அவைகள் விசாரிக்கப்படும் நாளிலே அழியும்.'