280 கேட்கிறார்கள், நீங்கள் எவ்வளவு சொல்வது?

"280 சொல்றாங்க, 265-க்குக் கேட்டா சரியா இருக்குமாண்ணே?" வீடு பார்க்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நான் சொத்து மதிப்பீட்டாளர். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாராவது லோனுக்கு மனுப் போட்டால், அந்த வீட்டின் மதிப்பு என்ன என்று பேங்குக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. கேள்வி 280-இல் தொடங்குகிறது பாருங்கள், கோளாறு அங்கேதான். 280 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்பது விற்கிறவருடைய ஆசை. மச்சான் வீடு என்ன விலைக்குப் போனது என்று கல்யாண வீட்டில் கேட்ட பேச்சு, மகனின் படிப்புச் செலவு, பத்து வருடத்துக்கு முன் போட்ட டைல்ஸ், எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வந்திருக்கும். அதிலிருந்து 15 ஆயிரம் கழித்துவிட்டால் அது நியாய விலை ஆகிவிடாது.

முதலில் அதே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), அதே மாதிரி வீடு, உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். இணைய விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான், விற்ற விலை இல்லை. விற்ற விலையை நாபிக் என்கிற தேசிய சொத்துத் தகவல் மையம் வெளியிடுகிறது, பதிவுபெற்ற வீட்டு முகவரிடமும் கேட்கலாம். எங்கள் மாதிரி தோட்டப்புற டவுனில் ஒரு தாமானில் வருடத்துக்கு இரண்டு மூன்று வீடு விற்றாலே பெரிது, அதனால் பக்கத்துத் தாமானையும் சேர்த்துப் பார்த்து, நிலத்தின் அளவு, நடு வீடா கார்னரா, ஃப்ரீஹோல்டா (நிலம் நிரந்தரச் சொந்தம்) லீஸ்ஹோல்டா (குறிப்பிட்ட வருடக் குத்தகை) என்று கூட்டிக் கழிக்க வேண்டும். லெலோங்கில் (ஏலத்தில்) போன விலையைக் கலக்காதீர்கள். அது கடன் கட்டாத வீடு, உள்ளே போய்ப் பார்க்காமல்கூட எடுத்திருப்பார்கள், அதன் கணக்கே வேறு.

சரி, அந்தத் தாமானில் 225-லிருந்து 240 வரை விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேங்குக்கு நான் 240 என்று எழுதுகிறேன். நீங்கள் ஏற்கெனவே 265-க்கு ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். முதல் இரண்டு வீடுகளுக்குப் பொதுவாக 90 விழுக்காடு வரை லோன் கிடைக்கும், ஆனால் பேங்க் பார்ப்பது விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை. 240-க்கு 90 விழுக்காடு, அதாவது 216 ஆயிரம். மீதி 49 ஆயிரத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும். பத்து விழுக்காடு என்று நினைத்து 26,500 வெள்ளியை எடுத்து வைத்துவிட்டு வந்த மனிதர் 22,500 வெள்ளிக்கு எங்கே போவார்? இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, அப்புறமும் போதாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே விலை பேசுவதற்கு முன்பே லோன் அதிகாரியிடம் வீட்டு முகவரியைக் கொடுத்து, உங்கள் மதிப்பீட்டாளர் உத்தேசமாக என்ன மதிப்புச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேங்கில் கேட்டால் ஒரு எல்லை தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் சில பேர் ஒரு குறுக்கு வழி சொல்லித் தருவார்கள். ஒப்பந்தத்தில் விலையை ஏற்றி எழுது, பேங்க் அதிகம் கொடுக்கும், கையில் காசும் மிஞ்சும் என்று. "மார்க் அப்" என்பார்கள், ஊரில் எல்லாரும் செய்வதுதான் என்பார்கள். பேங்குக்குப் பொய் விலை காட்டுவது மோசடி, வேறு பெயர் கிடையாது. போதாததற்கு அந்தப் பொய் விலைக்கு 35 வருடம் வட்டி கட்டுவது நீங்கள்.

மதிப்பு தெரிந்த பிறகு வீட்டைப் பாருங்கள், அவசரப்படாமல். பழைய தாமான் என்றால் கூரைக் கட்டையில் கரையான், பழைய வயரிங், துருப்பிடித்த தண்ணீர்க் குழாய். காலையில் ஒரு தடவை போனால் போதாது. மழை விட்டதும் போய் வடிகாலைப் பாருங்கள், காற்றடிக்கும் சாயங்காலத்தில் போய் செம்பனை ஆலை வாடை வீட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள் (வாடை பழகிவிடும் என்று விற்கிறவர் சொல்வார், அவருக்குப் பழகியிருக்கும்). பின்பக்கம் இழுத்துக் கட்டிய குசினிக்கு நகராண்மைக் கழகம் பாஸ் செய்த பிளான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விற்கிறவர் அதற்கு 30 ஆயிரம் செலவு செய்திருந்தாலும் என் கணக்கில் அது ஏறாது, ஏறினாலும் கொஞ்சம்தான். பழுதுபார்க்க எவ்வளவு என்று ஒரு காண்ட்ராக்டரிடம் கேட்டு அந்தத் தொகையைக் கழியுங்கள்.

அப்புறம் கெரான், அதாவது நிலப் பட்டா. நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால் வீடு யார் பேரில் இருக்கிறது, என்ன கட்டுப்பாடு என்று தெரியும். தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த அப்பா வாங்கிய வீடு, அவர் போய்ப் பல வருடம் ஆகியும் இன்னும் அவர் பேரிலேயே இருப்பது இங்கே சர்வ சாதாரணம். விலை பேசுவது மூத்த அண்ணன், ஆனால் பங்கு உள்ள தங்கைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும். புசாக்கா, அதாவது இறந்தவர் சொத்தை வாரிசுகள் பேருக்கு மாற்றும் வேலை, முடியாமல் அந்த வீட்டைக் கைமாற்ற முடியாது. லீஸ்ஹோல்டு, மலிவு வீடு போன்றவற்றுக்கு மாநில அரசின் ஒப்புதலும் தேவைப்படலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு காலம் நீங்கள் வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்கப் போகிறீர்கள், அதுவும் பேரத்தில் வர வேண்டும்.

விற்கிறவர் நிலைமையையும் விசாரியுங்கள். வாங்கி மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, குடிமக்களுக்கு ஆறாம் வருடத்திலிருந்து கிடையாது. அண்மையில் வாங்கியவர், பேங்க் பாக்கியும் அதிகம் என்றால் அவரால் இறங்க முடியாது, மல்லுக்கட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் கழித்து வருகிற தொகைதான் உங்கள் உச்சவரம்பு. நம் உதாரணத்தில் 240, கூரைக்கும் வயரிங்குக்கும் 12 போனால் 228. பேச்சை 220-இல் தொடங்கலாம் என்பது என் கருத்து. 180 என்று கேட்காதீர்கள், ஊர் சின்னது, விற்கிற அம்மாவைக் கோயில் திருவிழாவில் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் விற்ற விலைகளையும் பழுதுச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, "பேங்க் இவ்வளவுதான் கொடுக்குதுக்கா" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே. 228 வரை அவர் இறங்கி வரவில்லையா, உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அதிக விலைக்கு ஒப்புக்கொண்ட அடுத்த ஆளும் என் மாதிரி ஒரு மதிப்பீட்டாளரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒப்புக்கொண்டால் முன்பணமாக 2 அல்லது 3 விழுக்காடு கேட்பார்கள். அதை முகவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், நிறுவனத்தின் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள், கழுத்தில் தொங்கும் அட்டையில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஃபர் கடிதத்தில் "லோன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்" என்ற வரி இருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது. அந்த வரி இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், எழுதித் தரச் சொல்லிக் காத்திருங்கள், ஒரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.