சரிவைத் தாங்கும் கடன்: மலையக நகரங்களும் அபிவிருத்தி வங்கிகளும்

இலங்கையின் மலையகத்தில் ஒரு நகரம் வளர்வதென்றால் மலை வெட்டப்படுகிறது என்றே பொருள். கண்டியிலும் ஹட்டனிலும் பதுளையிலும் சமதரை அரிதாகிவிட்டதால், புதிய வீட்டுக்கும் கடைக்கும் வீதிக்கும் சரிவின் அடிப்பகுதியைச் செங்குத்தாக வெட்டியே இடம் காண வேண்டியுள்ளது. மேலிருக்கும் மண்ணைத் தாங்கி நிற்பதோ அந்த அடிப்பகுதிதான். மழைநீர் உள்ளே இறங்கி மண் துகள்களின் இடைவெளிகளை நிரப்பும்போது, அதன் அழுத்தத்தால் துகள்களுக்கிடையிலான உராய்வு குறைகிறது. நனைந்த மண்ணின் எடையும் கூடிவிடுவதால் ஒரு கட்டத்தில் சரிவு முழுவதும் வழுக்கி இறங்குகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முதற்கட்ட மண்சரிவு எச்சரிக்கையை விடுப்பதும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் மக்களை வெளியேறச் சொல்வதும் இதனால்தான்.

இதற்கான மருந்து பெரும்பாலும் நீரை வெளியேற்றுவதே. மேற்பரப்பில் வடிகால் கட்டுவார்கள்; சரிவுக்குள் ஏறத்தாழக் கிடையாகத் துளையிட்டு, நிலத்தடி நீர் கசிந்து வெளியேறக் குழாய்களைச் செருகுவார்கள்; இரும்புக் கம்பிகளை ஆழப் பதித்துச் சீமெந்துக் கலவையால் இறுக்கி, மேல்மண்ணை உள்ளிருக்கும் உறுதியான படையுடன் பிணைப்பார்கள். செலவு முழுவதும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பயனோ, ஒரு விபத்து நிகழாமற்போவது மட்டுமே. அதற்காக யாரிடமும் கட்டணம் அறவிட முடியாது. ஆகவே வணிக வங்கி இதற்குக் கடன் கொடுக்க முன்வராது.

அபிவிருத்தி வங்கி நுழையும் இடம் இதுவே. உறுப்பு நாடுகளின் மூலதனம் பின்னால் நிற்பதால் இவ்வங்கிகள் உலகச் சந்தையில் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டி, அதை நீண்ட தவணையில் அரசுகளுக்குக் கொடுக்கின்றன. கண்டி, காலி நகரங்களின் மேம்பாட்டுக்கு 2014இல் உலக வங்கி 147 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்தது. மண்சரிவைத் தணிக்கும் பணிகளுக்கு 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 80 மில்லியன் டொலர் ஒதுக்கியது. கடன் பெறுவது மாநகர சபையன்று, மத்திய அரசு. பணமும் ஒரே தடவையில் வருவதில்லை: சூழல் பாதிப்பு ஆய்வு, இடம்பெயர்வோருக்கான இழப்பீட்டுத் திட்டம், கேள்விப்பத்திர நடைமுறை ஆகியவற்றைக் கடந்து, வேலை முன்னேறும் அளவுக்கேற்பவே விடுவிக்கப்படுகிறது. இந்தத் தாமதத்தைப் பலரும் குறை கூறினாலும், எந்தச் சரிவில் முதலில் கை வைப்பது என்பதை அரசியல் செல்வாக்குக்கு விட்டுவிடாமல் ஆய்வின்படி தீர்மானிக்க அது ஓரளவு உதவுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிக்கல்கள் வேறிடத்தில் உள்ளன. கடன் டொலரில், அரசின் வருமானமோ ரூபாயில். ரூபாய் சரியும்போது அதே வடிகாலின் விலை ஏறிவிடுகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியபோதும், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் இத்தகைய வங்கிகளிடம் பெற்ற பல்தரப்புக் கடன்களைத் தொடர்ந்து செலுத்த வேண்டியிருந்தது. பராமரிப்பு இன்னொன்று. குப்பையும் மண்ணும் அடைத்த வடிகால், வடிகாலே இல்லாததைவிடத் தீங்கானது, ஏனெனில் அது நீரைத் திரட்டிச் சரிவின் ஒரே இடத்தில் கொட்டுகிறது. அதைத் துப்புரவாக்கும் அன்றாடச் செலவோ பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் தலையிலேயே விழுகிறது.

நகர எல்லை முடியும் இடத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள் தொடங்குகின்றன. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியைச் செலவிடச் சபைகளுக்குச் சட்டமே தடையாக இருந்தது. மேலே தோட்டத்தில் வழிகாட்டப்படாத மழைநீர்தான் கீழே நகரத்தின் சரிவுக்குள் இறங்குகிறது என்பதால், நகரத்துக்கான கடன் திட்டம் லயன்களின் வடிகாலையும் தன் வரைபடத்துக்குள் கொண்டுவர வேண்டும்.