கொழும்பின் கழிவுநீரில் காசு போடுவதற்கு முன்

கனடாவில் இருக்கும் அத்தான் போன மாதம் தொலைபேசியில் கேட்டார்: "கொழும்பில தண்ணி, கழிவுநீர் பக்கம் காசு போடலாமோ? நல்ல மார்க்கெட் எண்டு சொல்லுறாங்கள்." போடலாம். ஆனால் எந்த வாசலால் உள்ளே போகலாம் என்பதைச் சட்டம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

குழாய்த் தண்ணீரின் வாசல் பூட்டித்தான் இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைதான் அம்பத்தலையில் களனி கங்கை நீரைச் சுத்திகரித்து நகருக்கு அனுப்புகிறது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களும் அதன் கையில்தான். உங்கள் பில்லில் வரும் யூனிட் விலை வர்த்தமானியில் வருவது. 2022இலும் 2023இலும் ஏறியது, 2024இல் கொஞ்சம் இறங்கியது. விலையை அரசு வைக்கும் இடத்தில் தனியார் பொருள் கொடுப்பவராகவோ கொந்தராத்துக்காரராகவோதான் நிற்க முடியும்.

அந்த வேலையும் சிறியதல்ல. ஒரு காலத்தில் கொழும்பு நகருக்குள் வந்த தண்ணீரில் ஏறத்தாழ பாதி, பழைய குழாய்களின் கசிவாலும் கணக்கில் வராத இணைப்புகளாலும் வருமானம் தராமலே போனது. குழாய் மாற்றுவதற்கும் கசிவைக் குறைப்பதற்கும் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தது. டெண்டர் போட வேண்டுமானால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் நீர் வழங்கல், வடிகால் பிரிவில் தரப்படுத்தல் எடுத்திருக்க வேண்டும். 50 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அரச டெண்டர் என்றால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழும் பதிவு தேவை. இதைக் கடைசி நாளில் நினைவுபடுத்திக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வேலைக்கு நாட்டின் நிலையும் ஒரு பங்காளி. 2022இல் இலங்கை கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது ஜப்பானிய நிதியிலான வேலைகள் நின்றன. 2024இல்தான் மறுபடி அசைந்தன. பில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கக் கையில் முதல் இல்லாதவர் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

கழிவுநீர்ப் பக்கம் வேறு மாதிரி. மாநகர எல்லைக்குள் இருக்கும் கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் பிரித்தானியர் காலத்தவை, கொழும்பு மாநகர சபைக்குச் சொந்தமானவை. அவை வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் போய் முடிகின்றன. பல பத்தாண்டுகளாகச் சுத்திகரிப்பு இல்லாமலே கொட்டின. இரத்மலானை, ஜா எல பக்கங்களில் நீர் வழங்கல் சபைக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. இவற்றைத் தாண்டினால் பெரும்பாலான வீடுகளுக்கு மலக்குழிதான் கதி. குழாய் இல்லாத இடத்தில் பெரிய கட்டடம் தன் கழிவுநீரைத் தானே சுத்திகரிக்க வேண்டும். சிறு முதலீட்டாளருக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்.

அந்த வேலையை உண்டாக்குவது ஒரு சட்டப்பிரிவு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் 23அ பிரிவின்படி, பட்டியலிடப்பட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவை வெளியே விட முடியாது. பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் மிகச் சிறியவற்றுக்கு உள்ளூராட்சி சபையும் அதை வழங்குகின்றன. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். வர்த்தமானி வகுத்த எல்லைப்படி ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகும் நீரில் பி.ஓ.டி. லீட்டருக்கு 30 மில்லிகிராமையும் மிதக்கும் துகள் 50 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. பி.ஓ.டி. என்பது அழுக்கைத் தின்னும் கிருமிகள் எவ்வளவு ஒட்சிசனை உறிஞ்சுகின்றன என்ற அளவு. ஹோட்டல், வைத்தியசாலை நடத்துபவருக்கு இந்த எண்ணே தலைவலி. உங்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருவதும் அதுதான்.

வத்தளைப் பக்கம் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியைப் பார்க்க ஒருமுறை போனேன். படிக்கட்டிலேயே அழுகிய முட்டை வாடை. பொருத்திய இயந்திரத்தில் பிழை இல்லை. மின்சார பில்லைக் குறைக்க இரவில் புளோவரை, அதாவது தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரத்தை, நிறுத்தி வைத்திருந்தார்கள்! காற்று இல்லாமல் கிருமிகள் செத்துத் தொட்டி கறுத்துவிட்டது. வந்திருந்த டெக்னீஷியன் ஒரு லீட்டர் கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை நிரப்பி மேசையில் வைத்தார். நல்ல தொட்டி என்றால் அரை மணி நேரத்தில் பழுப்புச் சேறு கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அங்கே முழுக் குழாயும் கலங்கலாகவே நின்றது. பி.ஓ.டி. பரிசோதனை முடிவு வர ஐந்து நாள் எடுக்கும். அந்தக் குழாய் அரை மணியில் சொல்லிவிட்டது.

என் கணிப்பில் காசு இருப்பது இங்கேதான்: புதிதாக நிலையம் கட்டுவதில் அல்ல, கட்டியதை ஓட்டுவதில். பராமரிப்பு ஒப்பந்தம், மாதிரி எடுத்தல், உதிரிப்பாகம். பத்துக் கட்டடங்கள் சேர்ந்தால் ஒரு டெக்னீஷியனும் ஒரு வானும் போதும்.

அத்தானைப் போல வெளிநாட்டிலிருந்து பணம் கொண்டுவருபவர்கள் அதை வர்த்தக வங்கியொன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதன் ஊடாகவே கொண்டுவர வேண்டும். தங்கச்சியின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிட்டால், பிறகு இலாபத்தையோ முதலையோ திருப்பி எடுக்கும்போது வங்கி ஆயிரம் கேள்வி கேட்கும்.

ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். புளோவரின் மின்சார பில் யாருக்கு? தொட்டியில் சேரும் சேற்றை உறிஞ்சி எடுக்கும் தாங்கி லொறிக்கு, அதாவது கலி பவுசருக்கு, யார் காசு கொடுப்பது, அந்தப் பவுசர் அதை அனுமதி பெற்ற இடத்தில்தான் கொட்டியது என்ற துண்டை யார் வாங்கி வைப்பது? அந்தத் துண்டு இல்லாமல் சேறு எங்காவது வயலில் போய்ச் சேர்ந்தால், முதலில் தேடி வருவது உங்களைத்தான்.