நிலா வெளிச்சத்தில் கறுத்துப்போன செவ்வரளி

பௌர்ணமி இரவு. திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு எண்ணூர் பக்கம் சைக்கிளை மிதித்தோம். கோயில் வாசலில் வாங்கிய செவ்வரளிச் சரத்தை நண்பர் ஹேண்டில்பாரில் சுற்றியிருந்தார். கடை விளக்கில் அது ரத்தச் சிவப்பு. நெட்டுக்குப்பத்தில் முகத்துவார மணலில் இறங்கி, எல்லா லைட்டையும் அணைத்து அரைமணி நேரம் உட்கார்ந்தோம். எழுந்து பார்த்தால் பூ கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. இடையில் வைத்துக் கட்டிய மருக்கொழுந்து வெளுத்து, எடுப்பாகத் தெரிந்தது. "அண்ணா, அதுக்குள்ள பூ கருகிடுச்சா?" என்றான் கூட வந்த பையன்.

கருகவில்லை. நம் விழித்திரையில் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். பகலையும் நிறத்தையும் அவைதான் பார்த்துக்கொள்கின்றன. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. மங்கிய ஒளிக்கானவை, நிறம் பிரிக்கத் தெரியாதவை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் உச்சி வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் என்றால், முழுநிலவு கால் லக்ஸ் தேறுவதே பெரிது. அந்த வெளிச்சத்தில் கூம்புகள் ஓய்ந்து, பொறுப்பு குச்சிகளின் கைக்கு வருகிறது. கூம்புகளுக்கு மஞ்சள் கலந்த பச்சைதான் (ஒளியின் அலைநீளம் 555 நானோமீட்டர்) மிகப் பிரகாசம். குச்சிகளுக்கோ நீலம் கலந்த பச்சை (507). சிவப்பு அவற்றின் கணக்கிலேயே வராது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதை 1825இல் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த விளைவை அழைக்கிறார்கள்.

அரைமணி நேரம் எதற்கு? குச்சிகளில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பளீர் வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். வைட்டமின் ஏ துணையோடு இருட்டில் மெல்ல மெல்லத்தான் மறுபடி ஊறும். இடையில் யாராவது செல்போன் டார்ச்சை முகத்தில் அடித்தால், பொறுத்திருந்த பலன் போயிற்று. சிவப்பு ஒளி குச்சிகளை அதிகம் சீண்டாது. பின்னால் வருபவருக்கு நம் சிவப்பு டெயில் லைட் தொந்தரவில்லை.

இன்னொன்று: விழித்திரையின் நட்டநடுவில் குச்சிகளே இல்லை. மணலில் கிடக்கும் கயிற்றை உற்றுப் பார்த்தால் மறையும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

'பௌர்ணமிதான் வேண்டுமா, அரைநிலவில் பாதி வெளிச்சம் கிடைக்காதா?' என்று கேட்பார்கள். கிடைக்காது, பத்தில் ஒரு பங்குதான். அரைநிலவில் சூரியன் பக்கவாட்டில் காய்வதால் நிலாவின் மேடுகளும் புழுதித் துகள்களும் நீள நிழல் போடும். பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னே. நிழலெல்லாம் அந்தந்தத் துகளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும்.

மணலில் லைட்டை அணையுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் தயவுசெய்து அணைக்காதீர்கள். நிலா வெளிச்சத்தில் நமக்கு வழி தெரியும். ஹெட்லைட்டுக்குப் பழகிய கண்ணோடு கன்டெய்னர் லாரி ஓட்டி வருபவருக்கு நாம் தெரிய மாட்டோம்.