குளம் ஒழுகவில்லை, ஓரம் உறிஞ்சுகிறது

தோட்டக் குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது, தண்ணீர் நிற்க உள்ளே விரித்த ஷீட் எங்கோ கிழிந்திருக்கிறது என்று கூப்பிடுவார்கள். போனதும் நான் முதலில் பார்ப்பது அடியை அல்ல, ஓரத்தை. கிழிசல் இருக்கும் குளங்களும் உண்டுதான். ஆனால் பல இடங்களில் ஷீட் நன்றாகவே இருக்கும். அதன் கறுப்பு விளிம்பு கண்ணில் படக் கூடாது என்று செய்த வேலைதான் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்.

ஷீட்டின் ஓரத்தைப் படுக்கையாக மடக்கி மண்ணில் புதைத்து, அதன்மேல் புல்தரையைத் தண்ணீர் வரை இழுத்து விட்டிருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புல்லின் வேரும் மண்ணும் ஒரு பக்கம் குளத்தைத் தொடுகின்றன, மறு பக்கம் தோட்டத்தைத் தொடுகின்றன. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல அவை தண்ணீரை ஏற்றி வெளியே அனுப்பிவிடும். இரவும் பகலும் ஓயாது.

வெயிலில் ஆவியாவதும் சேர்ந்துகொள்வதால் குழப்பம் வரும். அதற்கு ஒரு வாளி போதும். அதில் தண்ணீர் நிரப்பி, குளத்துக்குள்ளேயே ஓரத்துப் படிக்கட்டின்மேல் வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெறும் ஆவி. குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால், ஓரத்தைச் சுற்றி வெளிப்பக்க மண்ணைக் கையால் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் எப்போதும் ஈரமாக, புல் கூடுதல் பச்சையாக இருக்கிறதா? அங்கேதான் உறிஞ்சுகிறது. இன்னொரு அடையாளமும் உண்டு: ஓரத்து மண்ணைத் தண்ணீர் தொடாத அளவுக்கு இறங்கியதும் உறிஞ்சல் தானாக நின்றுவிடும். அதற்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனால், சரி, கிழிசலைத் தேட வேண்டியதுதான்.

எதைக் கொண்டு மறைத்தாலும், அதன் பின்னால் ஷீட் நிமிர்ந்து நிற்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் 5 சென்டிமீட்டராவது செங்குத்தாக ஏறியிருக்க வேண்டும். குளத்து மண்ணும் தோட்டத்து மண்ணும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. வெளியே தெரிவது மெல்லிய ஒரு கோடு மட்டும். ஒரு கல்லோ படரும் ஒரு செடியோ அதை மூடிவிடும். இப்படிச் சற்று உயர்ந்து நிற்கும் விளிம்பு, மழைத் தண்ணீர் தோட்டத்து உரத்தையும் பூச்சிமருந்தையும் அடித்துக்கொண்டு குளத்துக்குள் வராமலும் தடுக்கும்.

இதையெல்லாம் குளம் நிரம்பிய பிறகு யோசிப்பதுதான் சிக்கல். மறைப்பு வேலை தோண்டும்போதே ஆரம்பிக்கிறது. சுற்றிலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒன்றேகால் சாண் அகலத்தில் ஒரு படி வெட்டிவிடுங்கள். கற்கள் அந்தப் படியில், பாதி தண்ணீருக்குள்ளும் பாதி வெளியேயும் உட்கார வேண்டும். கோடையில் மட்டம் இறங்கினாலும் அப்போது கல்தான் தெரியும், ஷீட் தெரியாது. கரைமேல் ஒரே அளவுக் கல்லை வரிசையாகச் சுற்றி வைத்தால், கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரியும். பலர் செய்வது இதைத்தான்.

அப்புறம் மட்டம். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்துச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கக் கரை 3 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், அந்தப் பக்கம் 3 சென்டிமீட்டர் ஷீட் நிரந்தரமாகத் தெரியும். அலங்காரத்தால் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஒரு பக்கமாவது கூழாங்கல் சரிவு வைப்பது எனக்குப் பிடிக்கும். மூன்றடி நீளத்துக்கு ஓரடி இறக்கத்தைவிடச் செங்குத்தாக இருந்தால் கல் வழுக்கி உள்ளே போய்விடும். பெரிதும் சிறிதும் கலந்து போடுங்கள். தவளை ஏறி வரவும், பறவை குளிக்கவும், தவறி விழுந்த அணில் தப்பவும் இதுதான் வழி. கற்களின் இடுக்கில் தண்ணீர் தனியே தேங்கினால் கொசு முட்டையிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

செடி என்றால் வல்லாரை, நீர்ப்பிரம்மி, வசம்பு ஆகியவற்றை நம்பலாம். கல் இடுக்கில் கொஞ்சம் மண் வைத்து நட்டால் முதல் இரண்டும் படர்ந்து விளிம்பை மூடும். சம்பு என்கிற உயரமான கோரை வேண்டாம், அதன் கிழங்கின் கூரான முனை ஷீட்டையே குத்திவிடும். ஆசையாக இருந்தால் தொட்டியோடு இறக்குங்கள். தேங்காய் நார் விரிப்பும் நல்ல மறைப்புதான், ஆனால் அதன் நுனி விளிம்பைத் தாண்டி வெளி மண்ணைத் தொட்டால் அதுவும் உறிஞ்சும். கல்லை சிமெண்ட் வைத்துப் பூசினால் அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். மீன் விடுவதற்கு முன் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும்.

மறைப்பு வெறும் அழகுக்காக மட்டுமல்ல. பிவிசி ஷீட் வெயில் பட்டுப் பட்டு இறுகி வெடிக்கும், அதுவும் ஓரத்தில்தான் முதலில். இபிடிஎம் ரப்பர் ஷீட் நன்றாகத் தாங்கும். எந்த ஷீட்டானாலும் கல்லுக்கு அடியில் தடிமனான ஒரு துணி விரிப்பு போடுங்கள். ஓரத்துக் கல்மேல் ஒரு பெரியவர் ஏறி நின்றால் அது ஆடக் கூடாது. குழந்தைகள் எட்டிப் பார்ப்பது அங்கே நின்றுதான்.

மிச்சமிருக்கும் ஷீட்டை உடனே வெட்டாதீர்கள். குளம் நிரம்பி, ஓரிரு வாரத்தில் மண்ணும் கல்லும் கொஞ்சம் இறங்கி உட்காரும். அதுவரை ஓரடியாவது கூடுதலாக இருக்கட்டும். பிறகு வெட்டிய துண்டுகளையும் எறிய வேண்டாம். கல்லை இடம் மாற்றும்போது அடியில் போடவும், நாளைக்கு உண்மையிலேயே கிழிந்தால் ஒட்டுப் போடவும் உதவும்.