தேயிலைக் கொசு ஒன்றா, மூன்றா?

பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "முந்திரித் தளிரைக் கருக்குகிற தேயிலைக் கொசு எல்லாம் ஒரே பூச்சிதானா? புது இனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

அது கொசுவே அல்ல. ஒல்லிக் கால்களைப் பார்த்து வைத்த பெயர். மிரிடே குடும்பத்து நாவாய்ப்பூச்சி. இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயர் பெற்றவை மட்டும் 11,000 இனங்களுக்கு மேல். நம் முந்திரியில் சாறு உறிஞ்சுபவை ஹீலோபெல்டிஸ் ஆண்டோனி, பிராடியி, தீவோரா என்று மூன்று. மூன்றின் முதுகிலும் குண்டூசி நட்டதுபோல் ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும்.

சரி, எப்படித்தான் பிரிப்பது? ஆண் பூச்சியின் வயிற்று நுனியில்தான் விஷயம் இருக்கிறது. காய்ந்த பூச்சியை ஈரக்காற்றில் ஊறவைத்து, வயிற்றை மட்டும் கழற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூடாக வைப்பார்கள். தசை கரைந்துவிடும், கெட்டியான உறுப்புகள் கண்ணாடி மாதிரித் தெளிந்து நிற்கும். அதைக் கிளிசரின் துளியில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இணையும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரண்டு கொக்கிகள் தெரியும். மிரிடேயில் இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்காது! ஃபைலினே என்ற பிரிவில் இடக்கொக்கி தோணிபோல், வலக்கொக்கி சிறு இலைபோல் இருக்கும். நம் தேயிலைக் கொசுவின் பேரினமான ஹீலோபெல்டிஸில் இன்னும் உள்ளே, ஆண்குறிக்குள் இருக்கும் ஒரு சிறு தகட்டைப் பார்க்க வேண்டும். அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. ஒரு மில்லிமீட்டர்கூட வராத உறுப்பில் இவ்வளவு வேலைப்பாடு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

பார்த்த வடிவம் ஏற்கெனவே பெயர் பெற்ற எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால் வரைந்து, விவரித்து, பெயர் சூட்டி வெளியிடுவார்கள். ஒரே ஒரு பூச்சியை அந்தப் பெயருக்கு அடையாளமான மூலமாதிரி என்று அறிவித்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். கழற்றிய வயிறு சின்னக் குப்பியில், பூச்சியைக் குத்தி வைத்த அதே ஊசியில், அதே பூச்சிக்குக் கீழேயே இருக்கும். ஆண்டோனிக்கு 1858-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் சினொரே பெயரிட்டது இலங்கைப் பூச்சியை வைத்து.

இதற்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் வயலுக்கு வர வேண்டும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் முட்டையைத் தின்று நமக்கு உதவும் பச்சை மிரிடும் இதே குடும்பம்தான். அடையாளம் தெரியாமல் மருந்தடித்தால் முதலில் சாவது அதுவாகக்கூட இருக்கலாம். வகைப்பாட்டு ஆய்வுக்கு ஒதுக்கும் பணம் போதவே போதாது என்பேன்.

வாசகருக்கு ஒன்று: பூச்சியைப் பிடித்தால் நசுக்காமல் ஆல்கஹாலில் போடுங்கள். எந்த மரம், எந்த ஊர், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.