சொல் விளக்கம்: மாட்

கிடார் வாசிப்பவர்கள் பேச்சில் ‘மாட்’ அடிக்கடி வரும் சொல். ‘அந்த ஓவர்டிரைவ் பெடலை மாட் பண்ணியாச்சா?’ என்று சாதாரணமாகக் கேட்பார்கள். பெடல் என்பது கிடார் ஒலியை மாற்றக் காலால் இயக்கும் சிறு மின்னணுப் பெட்டி; ஒலியைக் கரகரப்பாக்கும் வகை ஓவர்டிரைவ். மாடிஃபிகேஷன் என்பதன் சுருக்கம் இது. சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டரைக் கழற்றி வேறு மதிப்புள்ளதை வைப்பது, ஒரு டையோடு கூடுதலாகச் சேர்ப்பது, கால் ஸ்விட்சை மாற்றுவது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து வந்த ‘மோடிஃபிகாரே’ அளவிடுவதையும் ஒரு வரம்புக்குள் நிறுத்துவதையும் குறித்தது. பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோதும் மட்டுப்படுத்துதல் என்ற பொருள் கூடவே போயிற்று. மாடரேட், மாடஸ்ட் ஆகியவையும் இந்த வேரில் பிறந்தவைதான். இன்றைய பேச்சில் அளவு என்ற பொருள் உதிர்ந்து, மாற்றம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தமிழில் சிலர் இதைத் ‘திருத்தம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிழை இருக்கும் இடத்தில்தான் திருத்தம் வரும். சரியாக வேலை செய்யும் பெடலில் என்ன பிழை? வெறும் ‘மாற்றம்’ என்றால் பெடலையே மாற்றிவிட்டதாகவும் படும். ‘மாற்றியமைப்பு’ சற்று நீளம்தான், ஆனால் பொருத்தம். இருப்பதை வைத்துக்கொண்டு அமைப்பை மட்டும் மாற்றுகிறோம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. தங்கத்தின் தரத்தையும் நாம் ‘மாற்று’ என்கிறோம். பழைய பெடலைத் திறக்கும்போது எழும் கவலையும் அதுதான்: அமைப்பை மாற்றப்போய் மாற்று குறைந்துவிடுமோ?

ஐபனெஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை எடுத்துக்கொள்வோம். 1970-களின் இறுதியில் வந்த டிஎஸ்808, 1982-இல் வந்த டிஎஸ்9 என்ற அதன் இரண்டு மாடல்களுக்கும் சர்க்யூட்டில் முக்கிய வேறுபாடு வெளியீட்டுப் பகுதியில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள்தான். முன்னதில் 100 ஓம், 10 கிலோ ஓம். பின்னதில் 470 ஓம், 100 கிலோ ஓம். டிஎஸ்9-ஐ 808 ஆக்குவது என்று எல்லோரும் சொல்லும் மாட் அடிப்படையில் இந்த இரண்டை மாற்றுவதே. ஒலியைப் பெருக்கும் ஐசி சிப்பையும் 4558 என்ற வகைக்கு மாற்றுவார்கள். காதுக்குக் கேட்கும் வித்தியாசம் மிகச் சிறியது. அதற்காக 1980-களின் போர்டில் சால்டரிங் இரும்பை வைப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலியைக் கூட்டும் மாட் அப்படியல்ல, அது நன்றாகவே கேட்கும். ஒலியைப் பெருக்கும் பகுதியில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லை போடுகின்றன. அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறையும், அதனால் கனத்த சுரங்கள் குழம்பாது, கிடார் இசைக்குழுவின் நடுவே தனித்துக் கேட்கும். கெப்பாசிட்டரை 0.1 ஆக்கினால் எல்லை சுமார் 340-க்கு இறங்கும். ஒலி தடிமனாகும், ஆனால் ட்யூப் ஸ்க்ரீமர் என்று அடையாளம் காட்டும் அந்த நடுப்பகுதி அழுத்தம் தளர்ந்துவிடும்.

இன்னொன்று ட்ரூ பைபாஸ்: பெடல் ஆஃபில் இருக்கும்போது சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகக் கடந்துபோகும்படி செய்வது. பழைய பெடல்களில் பல எலக்ட்ரானிக் முறையில் ஆன், ஆஃப் ஆகும். அதை மாற்ற வேறு கால் ஸ்விட்ச் வேண்டும், அதற்குப் பெட்டியைத் துளையிட வேண்டியிருக்கும். ரெசிஸ்டரைத் திரும்ப வைக்கலாம், துளையை அடைக்க முடியாது. பெடல் ஆஃபில் இருக்கும்போதும் நீண்ட கேபிளில் சிக்னல் மங்காமல் காத்துவந்த பஃபர் என்ற சர்க்யூட் பகுதியும் வழியிலிருந்து விலகிவிடும்.

காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை அதே மதிப்பில் மாற்றுவதையும், திருகும்போது கரகரக்கும் குமிழின் பாகத்தை (பொட்டென்ஷியோமீட்டர்) சுத்தம் செய்வதையும் மாட் என்று சொல்லக் கூடாது. அவை பழுதுபார்ப்பு. பழைய பெடலுக்கு அதைத் தயங்காமல் செய்யலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: அந்தக் காலத்துப் போர்டுகளில் சூடு சற்று அதிகமானாலும் செம்புத் தடம் பிய்ந்து வரும்.

சரி, செய்யலாமா கூடாதா? யாரும் தொடாத பழைய பெடலாக இருந்தால் பழுதுபார்ப்போடு நிறுத்துங்கள். அதே சர்க்யூட் மறுவெளியீடாகவும் கிடைக்கிறது, ஆசைப்பட்ட மாட்டை அதில் செய்து பார்க்கலாம். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே கைவைத்த பெடல் என்றால் தயக்கம் அவ்வளவு வேண்டாம். அப்போதும் கழற்றிய பாகங்களை, எது எங்கே இருந்தது என்று எழுதி, பெடலோடு ஓர் உறையில் வையுங்கள். விற்கும் நாளில் ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்று சொல்லியே விற்க வேண்டும்.